பெயர் சொல்லிக் கூப்பிடாத காடு

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிவுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த என் அன்பு மாப்ள முத்துவேலுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரையும் பிரஷரும் நீ இருந்தபோது இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஏறியிருப்பது கோபம்தான். நீ போனதிலிருந்து, நீ நம்மோடு நடக்கச் சேர்த்த பாஸ்கர் மேல் கோபமாக இருந்தேன். இப்போது அது உன் மேல் திரும்பியிருக்கிறது. செத்தவன் மேல் கோபப்படுவது எவ்வளவு அவஸ்தை தெரியுமா? எவ்வளவு திட்டினாலும் திருப்பித் திட்ட ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

படிப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது. நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன், திருநகரில் வீடு. நீ பசுமலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். பள்ளியில் ஒரே பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியார் பஸ் நிலையத்துக்குப் போய், நாம் கேள்விப்படாத ஊர்ப்பெயர் எந்த பஸ்ஸின் நெற்றியில் இருக்கிறதோ அதில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கண்மாய் எந்தப் பக்கம் என்று கேட்டு நடப்போம். நம்முடைய சுற்றுலா அவ்வளவுதான்.

ஒரு கண்டக்டர் நம்மை மேலும் கீழும் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா?

"எங்கண்ணே போகணும்?"

"பஸ்ஸு எங்க போகுதோ அங்க."

"அங்க யாரு இருக்கா?"

"தெரியாது. போய்த்தான் பாக்கணும்."

"என்னண்ணே, ரெண்டு பேரு வீட்லயும் ஒரே நாள்ல சண்டையா?"

பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய். எனக்குத்தான் கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் கோபம் வரவில்லை என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி.

ஆனால் என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. என் சகலையை உனக்குத் தெரியும். வருடா வருடம் வேன் பிடித்துக் குடும்பத்தோடு மலைக்குப் போவார். போகும்போது வேனுக்குள் பாட்டு, வரும்போது வேனுக்குள் வாந்தி. நடுவில் ஒரு பார்வை முனையில் இறங்கி, பனிமூட்டத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வருவார். மலையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பார்க்கிங் கிடைக்காத கதையை ஒரு மணி நேரம் சொல்வார். அந்த மனிதர் நம்மைப் பற்றி என் வீட்டிலேயே உட்கார்ந்து, "ரெண்டு பேரும் வேலைவெட்டி இல்லாம பொட்டக்காட்டப் பாக்கப் போறாங்க" என்று சொன்னார். அன்று முதல் அவர் வீட்டு விசேஷங்களுக்கு நான் போவதில்லை.

பொட்டக்காடாம். பங்குனி வெயிலில், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கி உட்கார்ந்திருந்தோமே. வெடித்த களிமண்ணின் பிளவுக்குள்ளிருந்து தவளை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் மழைக்காலம் வரவில்லை என்று தெரிந்துகொண்டதுபோல் மறுபடி உள்ளே போனது. அதைப் பார்த்து நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். சோழவந்தானுக்கு ரயிலில் போய் கொடிக்கால் வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். வெற்றிலைக் கொடிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து நீயாகத்தான் கழற்றினாய். உள்ளே அந்த ஈர நிழலும் காரவாசனையும். இதற்கெல்லாம் என் சகலையிடம் பார்க்கிங் இருக்கிறதா?

இப்போது காட்டுக்கு வருகிறேன். ஊர்ப்பெயரை எழுதமாட்டேன். மேற்கே, பஸ் திரும்பி நிற்கிற ஓர் ஊர். கண்மாய்க்கு அந்தப்புறம் ஐயனார் கோயில் காடு. வெளியே பார்த்தால் ஒரு பச்சைத் திட்டு. உள்ளே போனால் உசிலையும் மாவிலங்கையும் ஆத்தியும் குருந்தமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுப்பகலிலும் கண்ணுக்கு இதமாக இருக்கும். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிற செல்லாயி அக்காதான் முதல் நாளே நமக்குச் சட்டம் சொன்னது.

"செருப்ப இங்கனயே போட்டுட்டுப் போங்க. ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது. உள்ள ஆரையும் பேரு சொல்லிக் கூப்பிடாதீக."

"கூப்பிட்டா என்னக்கா ஆகும்?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? இதுவரைக்கும் ஆரும் கூப்பிட்டதில்லையே."

பொருளாதாரம் படித்த நான் செருப்பைக் கழற்றினேன். பிறகுதான் தெரிந்தது, பொங்கல் வைக்கிற நாளில்கூட அவர்கள் அங்கே கையைத் தட்டியும் கனைத்தும்தான் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்வார்கள். ஊரில் இரண்டு தெரு. ஒரு தெரு டீக்கிளாசில் மற்றத் தெரு குடிக்காமல் இருந்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. குழாய்த் தண்ணீரிலிருந்து திருவிழா மேளம் வரை எல்லாவற்றுக்கும் சண்டை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தெருவும் ஒன்று. இந்தப் பக்கம் ஒருவனின் பெயரைச் சொன்னால் எந்தத் தெரு என்பது பாதி தெரிந்துவிடும், அப்பன் பெயரைச் சொன்னால் மீதியும் தெரிந்துவிடும். காட்டுக்குள் அது கிடையாது. அங்கே கை தட்டினால் யார் வேண்டுமானாலும் திரும்பலாம்.

நமக்கும் அது பழகியது. முதல் தடவை நான் பறவைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, அது இது என்று உன்னிடம் கிசுகிசுத்தேன். நீ உதட்டில் விரலை வைத்தாய். மனிதர்களுக்கே பெயரில்லாத இடத்தில் குருவிக்கு எதற்கு என்பதுபோல் பார்த்தாய். அடுத்த வாரம் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் ஒரு செம்போத்து நம் எதிரிலேயே, ஏதோ தொலைத்ததைத் தேடுகிற ஆள்போல, சருகைத் தள்ளித் தள்ளி நடந்துபோனது. நாம் இருப்பதையே அது பொருட்படுத்தவில்லை. வாழ்க்கையில் என்னை யாரும் பொருட்படுத்தாததற்காக நான் சந்தோஷப்பட்ட ஒரே தருணம் அது.

பிறகு பாஸ்கரைச் சேர்த்தாய். என்னைக் கேட்டாயா? பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவன், வேலையை விட்டுவிட்டு வந்து உன் கடையில் ஏதோ நகல் எடுக்க நின்றவன், அவனிடம் பேச்சுக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பெரியார் நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். தலையில் அகலத் தொப்பி, முதுகில் உறிஞ்சிக் குடிக்கிற தண்ணீர்ப் பை. கண்மாய்க்கரையில் உட்கார்ந்தால் மூச்சை எண்ணச் சொன்னான். நான் ஐம்பது வருடமாக எண்ணாமல்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். நீ என் தொடையில் கிள்ளினாய்.

நீ படுத்தாய். போனாய். நான் தனியாக ஒரு தடவை பெரியார் நிலையம் போய், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் திரும்பி வந்தேன். பாஸ்கர் என்ன செய்தான்? கம்பெனி ஆரம்பித்தான். 'மெதுநடை' என்று பெயர். கூட்டம் போகாத இடம், மனம் நிறைகிற பயணம், மைண்ட்ஃபுல் டிராவல் என்றெல்லாம் போனில் விளம்பரம். அதற்கு நம் சோழவந்தான் கொடிக்கால். நம் கண்மாய். நம் தவளை கிடந்த பிளவுக்கு ஒரு படம். மெதுவாக நடப்பதற்கு ஏசி வேனில் வேகமாக வருகிறார்கள், மாப்ள. இதைச் சொன்னால் எனக்குப் பொறாமை என்கிறார்கள். இருக்கட்டும். பொறாமைதான்.

அதையும் பொறுத்தேன். அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில் செல்லாயி அக்கா போன் செய்தது.

"வாத்தியாரே, ஒங்க ஆளுக வந்து என்ன காரியம் பண்ணிட்டுப் போயிருக்காக தெரியுமா?"

"எங்க ஆளுகளா? யாருக்கா?"

"அதான், ஒங்க கூட வருவாரே, தொப்பிக்காரரு. ஒரு வேன் நெறைய ஆளு. பாயெல்லாம் கொண்டாந்து விரிச்சு, வட்டமா நின்னு, ஒவ்வொருத்தரா அவுக பேர அவுகளே கத்துறாக! காட்டுக்கு அறிமுகமாம்! எம் பேரு இன்னது, எம் பேரு இன்னதுன்னு. கண்மாய்க்கரை வரைக்கும் கேக்குது. பருத்தி எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைக அப்பிடியே ஒக்காந்துட்டாளுக."

கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"ஏதாவது ஆச்சாக்கா?"

"ஒண்ணும் ஆகல. அதுதான் எங்களுக்குப் பயமா இருக்கு. ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சிருச்சுன்னா நாளைக்கு எங்க பிள்ளைகளும் கூப்பிடும்ல?"

சாமி குத்தம், காய்ச்சல் வரும், மாடு சாகும் என்று சொல்லியிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். இதற்கு என்ன சமாதானம் சொல்ல? யாரும் சோதித்துப் பார்க்காததால் நின்றுகொண்டிருந்த ஒன்றை, காட்டோடு மனம் கலக்க வந்தவர்கள் ஒரே காலையில் சோதித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதுவும் கெட்ட எண்ணத்தோடு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கும்பிட்டுக்கொண்டு.

நேரே பாஸ்கர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாங்கண்ணே, ஒக்காருங்க. கிரீன் டீ சாப்பிடுறீங்களா?"

"ஒன் டீயக் கொண்டுபோய் வைகையில ஊத்து. அந்தக் காட்டுல என்னடா பண்ணின?"

"அண்ணே, பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். முத்துவேல் அண்ணன் சொல்லியிருக்காரு. நாங்க யாரையும் கூப்பிடலையே. அவங்கவங்க பேரை அவங்கவங்கதான் சொன்னாங்க. அது ஒரு பயிற்சிண்ணே."

அவன் மழுப்பவில்லை. நிஜமாகவே அப்படி நம்பியிருந்தான். ஊர்க்காரன் எவனுக்கும் இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது. பத்து வருடம் மீட்டிங்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு கூட்டத்தையும் தன்னை அறிமுகம் செய்துகொண்டு ஆரம்பித்தவனுக்குத்தான் தோன்றும். காட்டையும் ஒரு மீட்டிங் என்று நினைத்துவிட்டான்.

"முத்துவேலு பேர எதுக்குடா இதுல இழுக்குற?"

"அண்ணன்தானே இதையெல்லாம் ஆரம்பிக்கச் சொன்னாரு. ஆஸ்பத்திரியில வச்சு. ஆளுகளைக் கூட்டிட்டுப் போ, நம்ம மூணு பேரு மட்டும் பாத்துட்டுச் செத்தா என்ன பிரயோசனம்னாரு."

பொய் சொல்கிறாய் என்று கத்தினேன். அங்கிருந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி ஜெயந்தி மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தது. கேட்டேன். முதலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாண்ணே. நான் பக்கத்துலதான் இருந்தேன். தங்கராசு அண்ணன்கிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவன் குதிப்பான்னாரு."

குதிப்பானா? அவ்வளவுதானா நான் உனக்கு? பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரை கூட இருந்தவன். தினமும் சாயங்காலம் கல்லூரி முடிந்து வந்து, உன் தலைமாட்டில் உட்கார்ந்து, நர்சுகளோடு சண்டை போட்டேனே. அந்தச் சாயங்காலங்களில் ஒன்றில்கூட உனக்கு வாய் வரவில்லையா? தொப்பி போட்டவனுக்குக் காட்டைக் கொடுத்துவிட்டு, எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிற வேலையைக் கொடுத்தாயே. உன் கண்ணில் நான் இந்த இடங்களையெல்லாம் பூட்டிவைத்துக்கொள்கிற ஆளாகத்தான் தெரிந்தேனா? சரி, அப்படியே பூட்டியிருந்தால்தான் என்ன? பூட்டியிருந்தால் இன்றைக்கு அந்தப் பொம்பளைகள் வரப்பில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் இல்லையா?

இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும். சொல்லமாட்டாய்.

மேலே நடந்ததைச் சொல்கிறேன். காட்டுக்குப் போகிற பாதையில் வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். செல்லாயி அக்கா சொல்லி நான் போனேன். பாஸ்கரும் வந்திருந்தான், தொப்பி இல்லாமல். சாவடிக்கு முன்னால் வேப்பமரத்தடியில் இரண்டு தெருவும் உட்கார்ந்திருந்தது. பெரியவர் ஒருவர் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே முடித்தார்.

"இனிமே வெளியாளு ஒருத்தனும் உள்ள போகக் கூடாது. கம்பிவேலி போட்டு கேட்டப் பூட்டிருவோம்."

"அப்ப வாத்தியாரு?" என்றது ஒரு குரல். "அவரு ஒரு தப்பும் பண்ணலையே?"

"வெளியாளுன்னா வெளியாளுதான். மொகத்துக்கு மொகம் வேலி போட முடியுமா?"

பாஸ்கர் எழுந்து மன்னிப்புக் கேட்டான். நன்றாகத்தான் கேட்டான். ஒரு சின்னப்பயல் பின்னாலிருந்து, "பேரச் சொல்லிட்டு மன்னிப்புக் கேளுங்கண்ணே" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் முகம் செத்துவிட்டது. எனக்கு அது இனித்திருக்க வேண்டும். இனித்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை.

அப்போது செல்லாயி அக்கா எழுந்தது.

"வேலியப் போட்டா நாளைக்கு அதுக்குச் சாவி ஆருகிட்ட இருக்கணும்னு ரெண்டு தெருவும் வெட்டிக்கிட்டுச் சாவீக. அது வேணாம். வாரவுக வரட்டும். முன்னால நடக்க ஒரு ஆளு நிக்கட்டும். தப்பு நடந்துச்சுன்னா அந்த ஆளப் புடிப்போம்."

"எந்த ஆளு?"

அக்கா என் பக்கம் கையை நீட்டியது. "இந்த வாத்தியாருதான். இவரு மொகத்தப் பாத்தா எவன் வாயத் தொறப்பான்?"

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை, மாப்ள. ஏனென்று தெரியவில்லை. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ஐயனார் பொங்கலுக்குள் பதில் சொல்லச் சொன்னார். நான் முடியாது என்றால் கம்பிவேலி. சரி என்றால், நடக்கிற ஒவ்வொரு தப்புக்கும் அந்த ஊர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியவன் நான்.

நான் எதற்கு நிற்க வேண்டும்? எனக்கு மனிதர்கள் அவ்வளவாகப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். நீ கூட இல்லாமல் ஒருவனோடும் நான் பாதி நாள்கூட நடந்ததில்லை. காடு எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அங்கே ஆள் இல்லை என்பதுதான். அந்தக் காட்டுக்கு ஆள் கூட்டிப் போகிற வேலையை, பாஸ்கர் கெடுத்த வேலையை, நீ என்னிடம் மறைத்த வேலையை, நான் செய்ய வேண்டுமாம். வேலியே போடட்டும் என்றுதான் நினைத்தேன். கம்பிவேலிக்குள் செம்போத்து நிம்மதியாக நடக்கும். நானும் பார்க்கமாட்டேன், பாஸ்கரும் பார்க்கமாட்டான். கணக்கு சரியாகிவிடும்.

அன்று கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது பாஸ்கர் பக்கத்தில் வந்து நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனாகச் சொன்னான்.

"நீங்க முடியாதுன்னு சொல்லிருங்கண்ணே. ஒங்களுக்கு எதுக்குச் சங்கடம்? எனக்கு வேற எடம் ஒண்ணு தெரிஞ்சிருக்கு. இதே மாதிரி கோயில் காடுதான். அங்க ஊர்ல ஆளே இல்ல, எல்லாம் திருப்பூர் போயிட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். அந்த இடத்தில்தான் என் திட்டம் உடைந்தது. இங்கே வேலி போட்டால் அவன் வேன் நிற்கப் போவதில்லை. கேட்க ஒரு செல்லாயி இல்லாத காட்டில் போய் நிற்கும். நான் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால், என் கோபத்துக்குக் காவல் காக்க ஒரு காடும் மிஞ்சாது.

நேற்று செல்லாயி அக்காவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பாஸ்கரிடமும் சொன்னேன், என் நிபந்தனைகளோடு. அவன் வேறு எந்தக் காட்டுக்கும் போகக்கூடாது. வேன் கிடையாது, டவுன் பஸ்ஸில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கிறதோ அத்தனை பேர்தான். பாய் கிடையாது, வட்டம் கிடையாது, பயிற்சி கிடையாது. அறிமுகம் எல்லாம் டீக்கடையில் முடிந்துவிட வேண்டும். உள்ளே போனால் என் முதுகைப் பார்த்து நடக்க வேண்டும், நான் உட்கார்ந்தால் உட்கார வேண்டும். பாஸ்கர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "அண்ணே, இதத்தான் மைண்ட்ஃபுல்..." என்று ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். செல்லாயி அக்கா சொன்னது சரிதான்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ சொல்லியிருந்தால் குதித்திருப்பேன். நிச்சயம் குதித்திருப்பேன். குதித்து முடித்த பிறகு உன்னோடு உட்கார்ந்து பேசியிருப்பேன், பேரைப் பற்றிய சங்கதியை ஒன்றுக்கு நாலு தடவை பாஸ்கர் மண்டையில் ஏற்றியிருப்பேன். என் குதிப்பைத் தாங்குகிற பொறுமை எப்போதும் உனக்கு இருந்தது. கடைசியில் மட்டும் ஏன் இல்லாமல் போனது? வலி அவ்வளவு இருந்ததா? என்னிடம் அதையும்தான் நீ சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம். யார் யாரோ வருகிறார்கள். ஒரு வங்கி மேனேஜர் குடும்பம், கல்லூரிப் பெண்கள் சிலர், முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார்கள் என்று ஒரு அம்மா. அவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியாது. அபத்தமாக ஏதாவது கேட்பார்கள். பாம்பு இருக்குமா, பாத்ரூம் இருக்குமா, இங்கே ஸ்பெஷல் என்ன என்று கேட்பார்கள். உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான்: கேட்பவர்கள் மேல் எரிந்து விழமாட்டேன். பாம்பு இருக்கும் என்று சொல்வேன், பாத்ரூம் இருக்காது என்று சொல்வேன், ஸ்பெஷல் என்னவென்று எனக்கும் தெரியாது, உட்காருங்கள் என்று சொல்வேன். என் வாழ்நாளில் இவ்வளவு கடினமான ஒன்றை யாருக்கும் நான் ஒப்புக்கொண்டதில்லை. பாஸ்கர் இந்த வாக்கில் சேர்த்தி இல்லை.

சண்டை பாக்கி இருக்கிற,
உன் மாப்ள
தங்கராசு